மிலான் வீதிகளிலிருந்து நம் பிள்ளைகள் எதைச் சுமந்து திரும்புகிறார்கள்?



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. சூரிச், பேர்ண், லுட்சேர்ன், பாசல் என இந்நாட்டின் பல நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்கள், விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கி இத்தாலியின் மிலான் நகருக்குச் சென்று திரும்புவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. விடியுமுன் வாகனம் புறப்படும். அம்மம்மா முன்னிரவே அவித்துக் கட்டிய இடியப்பமும் சம்பலும் பின்னிருக்கையில் பயணம் செய்யும். கோத்தார்ட் சுரங்கத்தின் வாயிலில் நீண்டு கிடக்கும் வாகன வரிசையில் செபமாலை சொல்லப்படும்; அல்லது திரைப்படப் பாடல் ஒலிக்கும்; பெரும்பாலான வாகனங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் நடக்கும். மதியத்துக்கு முன் பேராலயச் சதுக்கத்தில் புறாக்களின் நடுவே குடும்பப் படம் எடுக்கப்பட்டுவிடும். அதன்பின் கடைகள். இரவு நெடுநேரம் கழித்து, உறங்கும் பிள்ளைகளோடும் நிறைந்த பைகளோடும் வீடு திரும்புதல்.

இப்பயணங்களைக் குறித்து நம் சமூகத்தில் இரு வேறு கருத்துகள் நிலவுவதை நான் அறிவேன். மூத்தோர் சிலர், "இது வீண் செலவு சுவாமி. அந்தக் காசுக்கு ஐன்சீடெல்ன் மாதாவிடம் போய் வரலாமே" என்று வருந்துகிறார்கள். இளைய பெற்றோரோ, "நாங்கள் உழைக்கிறோம், நாங்கள் செலவழிக்கிறோம். இதற்கும் பிரசங்கம் வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். இரு சாராரிடமும் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், இரு சாராரும் பேசாமல் விட்டுவிடும் ஒன்றைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் ஒரு நாள் முழுவதும் சேர்ந்திருந்து மகிழ்வது வீண் அன்று. உணவகச் சமையலறையில் நள்ளிரவுவரை நிற்கும் தந்தையரும், விடியுமுன் எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு மாலையில் முதியோர் இல்லத்தில் பணிபுரியும் தாய்மாரும் நம் பங்கில் எத்தனை பேர்! ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், வாரக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பகல் வெளிச்சத்தில் காணாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வாகனத்துக்குள் அடைபட்டிருக்கும் அந்த நான்கைந்து மணி நேரமும் ஓர் அருங்கொடையே. கானாவூர்த் திருமண வீட்டில் விருந்துண்ட நம் ஆண்டவர், உழைத்துக் களைத்த ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியைக் கண்டு முகம் சுளிப்பவர் அல்லர். எனவே, "போகாதீர்கள்" என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. மகிழ்ச்சியோடு போய் வாருங்கள்.

என் கவலை வேறு. அங்கு நாம் எதைத் தேடிப் போகிறோம்?

மிலான் பேராலயத்தின் முன் நின்று பார்த்தால் இடப்புறம் ஒரு மாபெரும் வளைவு வாயில் தெரியும். இரண்டாம் வித்தோரியோ இம்மானுவேல் மன்னரின் பெயரால் அமைந்த கண்ணாடிக் கூரை அங்காடி அது. 1865 இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் யுசெப்பே மெங்கோனி, 1877 டிசம்பர் 30 அன்று, பணிகள் நிறைவடையும் தறுவாயில் சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார். இன்று உலகெங்கும் அறியப்படும் பிராடா நிறுவனம் தன் முதற் கடையை 1913 இல் திறந்ததும் இந்த அங்காடியில்தான். தரையில் பதித்த காளை உருவத்தின்மேல் குதிகாலை ஊன்றிச் சுழன்றால் நற்பேறு கிட்டும் என்று நம்பி வரிசையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளையும் அங்கே காணலாம். பேராலயத்தின் நிழலிலேயே குறிகேட்பது போன்ற ஒரு காட்சி!

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மொந்தே நெப்போலியோனே என்னும் தெரு. கடை வாடகையில் உலகிலேயே விலையுயர்ந்த தெரு என்று 2024 இல் கணிக்கப்பட்டது அதுதான். அத்தெருவின் பெயருக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. 'மொந்தே' என்பது ஒரு காலத்தில் அங்கு இயங்கிய நிதி நிறுவனத்தைக் குறிக்கும். நெப்போலியன் காலத்தில் அரசின் பொதுக்கடனை நிர்வகித்த நிறுவனம் அது. ஆக, இன்று உலகின் ஆடம்பரத்துக்கு முகவரியாகத் திகழும் அத்தெரு, தன் பெயரைக் கடனிடமிருந்து பெற்றிருக்கிறது. நம் வீடுகள் சிலவற்றில் அந்தப் பெயரின் பொருள் இன்றும் மாறவில்லை.

குடும்பங்களைச் சந்திக்கும்போது நான் கேட்பவற்றை, எவரையும் சுட்டாமல் இங்கே சொல்கிறேன். அடுத்த மாதம் வரும் சாமத்திய வீட்டில் தோளில் மாட்டிச் செல்வதற்காக, இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான கைப்பை ஒன்று கடனட்டையில் வாங்கப்படுகிறது. மண்டபத்தில் நான்கு மணி நேரம் காட்டிய பைக்கு அடுத்த ஆண்டுவரை வட்டி கட்டப்படுகிறது. அதனால் கணவன் மனைவியரிடையே பேச்சு நின்றுபோகிறது. பிள்ளையின் நீச்சல் வகுப்பு நிறுத்தப்படுகிறது. பை மட்டும் அலுமாரியில் தன் துணியுறைக்குள் பத்திரமாக உறங்குகிறது.

இதைவிட என்னை வருத்தும் இன்னொரு காட்சி உண்டு. மகளும் மகனும் அந்தக் கடைகளுக்குள் நுழைகிறார்கள். தாய் நுழைவதில்லை. "நீங்கள் போய்ப் பாருங்கோ, நான் வெளியிலே பைகளோடு நிக்கிறன்" என்று வாசலிலேயே நின்றுவிடுகிறார். கால் வலிக்கிறது என்பார். உள்ளே குளிர் என்பார். உண்மைக் காரணம் வேறு. வாசலில் கறுப்பு உடையில் நிற்கும் காவலரின் பார்வையை அவர் அஞ்சுகிறார். சுவிஸில் இருபது ஆண்டுகளாக இத்தகைய கண்ணாடிக் கதவுகளைத் துடைத்தவர், அவற்றின் வழியாக வாடிக்கையாளராக உள்ளே செல்லத் தமக்குத் தகுதியில்லை என்று எண்ணுகிறார். பிள்ளைகளும் அதைக் கவனிக்கிறார்கள். 'மதிப்பு என்பது உள்ளே இருப்பது. அம்மா வெளியே இருப்பவர்' என்ற பாடத்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொள்கிறார்கள்.

சகோதர சகோதரிகளே, கடனுக்குப் பை வாங்கும் கையும், வாசலில் தயங்கி நிற்கும் காலும் ஒரே காயத்தினால்தான் துன்புறுகின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் இந்நாட்டுக்கு வந்தபோது ஒரு பையோடு வந்தோம். சிலர் அதுவும் இல்லாமல் வந்தார்கள். அகதி முகாம்களில், அலுவலகச் சாளரங்களில், பேருந்துகளில் நம்மை ஏற இறங்கப் பார்த்த பார்வைகளை நாம் மறக்கவில்லை. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வேட்கை நமக்குள் இன்னும் எரிகிறது. ஆகவே விலையுயர்ந்த பொருளொன்றைத் தோளில் மாட்டி, 'நானும் ஆள்தான்' என்று உலகுக்கும் உறவினருக்கும் அறிவிக்கிறோம். இதை வெறும் பகட்டு என்று ஏளனம் செய்ய என் மனம் ஒப்பாது. இது மாண்புக்கான ஏக்கம். அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால், அந்த மாண்பை விற்கும் கடை எந்தத் தெருவிலும் இல்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவருக்கு அதை வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

இதை நான் சொல்வதைவிட, நீங்கள் பார்க்கச் செல்லும் அந்த நகரமே அழகாகச் சொல்கிறது. சிறிது பொறுமையோடு கேளுங்கள்.

மிலான் பேராலயம் 1386 இல் கட்டத் தொடங்கப்பட்டது. அதன் கடைசி வாயில் பொருத்தப்பட்டது 1965 இல். ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள்! கந்தோலியா என்னும் மலைக் கிராமத்தில் வெட்டப்பட்ட வெண்சலவைக் கல், மஜோரே ஏரி வழியாகவும் திச்சீனோ ஆற்றின் வழியாகவும் கால்வாய் வழியாகவும் படகுகளில் மிலான் வந்து சேர்ந்தது. பேராலயப் பணிக்குரியது என்னும் முத்திரை தாங்கிய அக்கற்களுக்கு வழியில் எவரும் சுங்கம் வாங்கவில்லை. கோமகன் பெரும் பொருள் தந்தான் என்பது உண்மை. ஆனால் கட்டடப் பணியகத்தின் பழைய கணக்கேடுகளில் எளியோரின் காணிக்கைகளும் வரிசை வரிசையாகப் பதிவாகியுள்ளன. காசு இல்லாதோர் தம் உழைப்பைத் தந்தனர். காசுக்குப் பதிலாகத் தம் ஆடைகளைத் தந்தவர்களும் உண்டு. அவ்வாடைகள் ஏலத்தில் விற்கப்பட்டு, அப்பணம் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறியது.

அப்படித் தந்தவர்களுள் கத்தரீனா என்னும் ஏழை மூதாட்டி ஒருவர் இன்றுவரை நினைவுகூரப்படுகிறார். 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதுகில் கூடை கட்டிக் கட்டடப் பணிக்குக் கல் சுமந்தவர் அவர். கொடுக்க வேறொன்றும் இல்லாததால், குளிருக்குப் போர்த்தியிருந்த தம் பழைய மென்மயிர் மேலாடையைப் பீடத்துக்குக் காணிக்கையாக்கினார். அதைக் கண்ட ஒருவர் அவ்வாடையை விலைகொடுத்து மீட்டு, அவரிடமே திருப்பித் தந்தார். நற்செய்தியில் இரண்டு செப்புக் காசு போட்ட கைம்பெண்ணை நம் ஆண்டவர் கண்டது போல, அந்த நகரம் இந்த மூதாட்டியைக் கண்டுகொண்டது.

ஆடை அலங்காரத்தின் தலைநகர் என்று உலகம் கொண்டாடும் நகரின் நடுவே நிற்கும் பேராலயத்தில், ஏழைகள் தம் மேனியிலிருந்து கழற்றிக் கொடுத்த ஆடைகளுக்கும் பங்குண்டு. கல் சுமந்த பெண்களுக்கும், படகு இழுத்த கூலியாள்களுக்கும், பெயர் தெரியாத கற்றச்சர்களுக்கும் பங்குண்டு. அப்படியாயின், கையால் உழைத்து வாழும் நம் தாய் அங்கே அந்நியராவது எப்படி? அந்தச் சதுக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்க அவரைவிட உரிமையுள்ளவர் யார்?

இன்னொன்றும் கேளுங்கள். அச்சதுக்கத்தின் அடியில், பேராலயத்தின் கீழ், எண்கோண வடிவிலான பழைய திருமுழுக்குத் தொட்டியின் எச்சங்கள் உள்ளன. 387 ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பு இரவில், புனித அம்புரோசியாரின் கையால் புனித அகுஸ்தீனார் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். அகுஸ்தீனார் யார்? வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்து, வேலை தேடிக் கடல் கடந்து வந்தவர். 384 இல் மிலானில் சொல்லாட்சிக்கலை ஆசிரியராகப் பணியேற்றார். இலத்தீன் மொழியில் அவரை விஞ்ச ஆளில்லை. இருந்தும் தமது உச்சரிப்பில் இத்தாலியர்கள் குறைகண்டதை அவரே தம் நூலொன்றில் குறிப்பிடுகிறார். நம்மில் எத்தனை பேருடைய ஜெர்மன் உச்சரிப்பைக் கேட்டு எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள்! சில வேளைகளில் நம் பிள்ளைகளே சிரித்திருக்கிறார்கள். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநரும் அந்தச் சிரிப்பைக் கடந்துதான் வந்தார்.

அவருடைய தாய் புனித மோனிக்கா, மகனைத் தேடி மிலானுக்கு வந்த ஒரு புலம்பெயர் தாய். ஊரில் செய்துவந்த வழக்கப்படி, மறைசாட்சியரின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சை மதுவும் எடுத்துச் சென்றார். அங்கே அது தடைசெய்யப்பட்டிருந்தது. வாயிற்காவலர் அவரைத் தடுத்தார். ஆயரின் விருப்பம் அதுவென்று அறிந்ததும் அவர் முணுமுணுக்கவில்லை. கூடையை மாற்றி, செபத்தைச் சுமந்து சென்றார் என மகன் எழுதுகிறார். வாசலில் தடுக்கப்பட்ட அந்தத் தாயின் பெயரைத்தான் நம் ஊர்களில் பெண் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அவரைத் தடுத்த காவலரின் பெயர் எவருக்கும் தெரியாது.

அம்புரோசியாரைப் பற்றியும் ஒரு சொல். போரில் சிறைப்பட்டோரை மீட்பதற்காகத் திருச்சபையின் பொன் வெள்ளிப் பாத்திரங்களையே உருக்கி விற்றவர் அவர். அதற்காக அவரைக் குறைகூறியவர்களும் உண்டு. பொன்னைவிட மனிதரைக் காப்பதே திருச்சபைக்கு அழகு என்பதே அவரது நிலைப்பாடு. அவருடைய உடல் அவர் பெயர் தாங்கிய ஆலயத்தின் நிலவறையில் இன்றும் காணக்கிடைக்கிறது. மிலான் நகரின் பாதுகாவலர் அவரே. அந்த நகரில் நின்று ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, 'இதனால் மனிதர் காக்கப்படுகிறாரா, கசக்கப்படுகிறாரா?' என்று ஒரு கணம் கேட்பது அப்புனிதருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.

கேட்க வேண்டிய தேவையும் இருக்கிறது. 2024 இல் மிலான் நீதிமன்றம், பெயர்பெற்ற ஆடம்பர நிறுவனங்கள் சிலவற்றின் உற்பத்திப் பிரிவுகளை நீதிமன்ற நிர்வாக மேற்பார்வையின் கீழ் வைத்தது. அந்நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தத்தில் பை தைத்த பட்டறைகளில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதை அவை தடுக்கத் தவறின என்பதே காரணம். மலிவு ஆடைகளின் கதையும் வேறன்று. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் தைத்தவை ஐரோப்பியக் கடைகளுக்குரிய ஆடைகள். சில நாள்களின் பின், அவர்கள் பெற்ற கூலியை அறிந்த திருத்தந்தை பிரான்சிஸ், அது அடிமை வேலை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். கட்டுநாயக்கத் தொழிற்சாலைகளில் தைத்த சகோதரிகள் நம் உறவினர்களுள்ளும் உண்டு அல்லவா? விலை உயர்ந்தது என்பதால் ஒரு பொருள் தூயதாகிவிடாது. மலிவானது என்பதால் எளிமையும் ஆகிவிடாது. கண்ணியமாக வாங்க எளிய வழி ஒன்றே: குறைவாக வாங்குங்கள், வாங்கியதை நீண்ட காலம் அணியுங்கள்.

திரும்பும் வழியில் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. கியாசோ எல்லை. 2025 ஜனவரி 1 முதல் ஒருவர் ஒரு நாளில் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களின் பெறுமதி 300 பிராங்கிலிருந்து 150 பிராங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்டால் அறிவித்து வரி செலுத்த வேண்டும். பொதுவான பொருள்களுக்கு அவ்வரி 8.1 விழுக்காடு. 500 பிராங் பெறுமதியான பொருளுக்கு ஏறத்தாழ 40 பிராங். அதைக் கைபேசிச் செயலி வழியாகவே செலுத்தலாம். ஆனால் நடப்பது என்ன? விலைச்சீட்டுகள் கிழிக்கப்படுகின்றன, புதுச் சப்பாத்துகள் காலில் மாட்டப்படுகின்றன, "கேட்டால் பழையது என்று சொல்லு" என்று பிள்ளைக்குப் பாடம் நடக்கிறது. ஞாயிறு மறைக்கல்வியில் பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்கும் அதே பிள்ளைக்கு! 40 பிராங்குக்காக ஒரு தந்தை தம் பிள்ளையின் கண்முன் தம் சொல்லின் மதிப்பை இழக்கலாமா? நாளை அந்தப் பிள்ளை உங்களிடம் ஒன்றை மறைத்தால் எந்த முகத்தோடு கடிந்துகொள்வீர்கள்?

"சுவாமி, பிள்ளைகள் கேட்கிறார்கள். வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது. இல்லையென்றால் ஒதுக்குகிறார்கள்" என்று பெற்றோர் சொல்வதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறத்தாலும் பெயராலும் ஏற்கெனவே வேறுபட்டு நிற்கும் நம் பிள்ளைக்கு, சப்பாத்தாலும் வேறுபடுவது பாரமாகவே இருக்கும். எனவே ஒன்றுமே வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சப்பாத்து எத்தனை மணி நேர வேலை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "இது அப்பாவின் மூன்று இரவு வேலை" என்று மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையைக் குற்ற உணர்வில் ஆழ்த்துவதற்காக அன்று. அந்த உழைப்பு வெட்கப்படத் தக்கதன்று என்பதை அவர்கள் அறிவதற்காக. தன் பெற்றோரின் தொழிலைச் சொல்ல வெட்கப்படாத பிள்ளையை எந்த வகுப்பிலும் எவராலும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இனி, இந்த ஆண்டு மிலான் செல்லவிருக்கும் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

புறப்படுவதற்கு முன்னிரவே குடும்பமாக அமர்ந்து, எவ்வளவு செலவழிப்பது என்று பிள்ளைகளையும் சேர்த்துப் பேசி முடிவு செய்யுங்கள். கடனட்டையை வீட்டிலேயே வைத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது.

மிலானை அடைந்ததும் முதலில் பேராலயத்துக்குள் செல்லுங்கள். சுற்றிப் பார்ப்போர் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். செபிக்க வருவோருக்குத் தனி வாயில் உண்டு, கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். அப்பேராலயம் தூய கன்னி மரியாளின் பிறப்புக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செப்டம்பர் 8, நம் வேளாங்கண்ணி அன்னையின் திருநாள் அன்றோ! உச்சியில், 108 மீட்டருக்கும் மேலே, 1774 இல் நிறுவப்பட்ட பொன்முலாம் பூசிய அன்னையின் திருவுருவத்தை மிலான் மக்கள் செல்லமாக 'மதொன்னீனா' என்கிறார்கள். சின்ன மாதா என்று பொருள். ஆக, நம் பாட்டிமாருக்கு அது அந்நிய வீடு அன்று. ஞாயிற்றுக்கிழமை செல்வோர் அங்கேயே திருப்பலியில் பங்குகொள்ளுங்கள். மிலான் திருச்சபை அம்புரோசிய வழிபாட்டு முறையைப் பின்பற்றுவதால் சில பகுதிகள் வேறுபட்டிருக்கும். ஏன் வேறுபடுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரே விசுவாசத்துக்குப் பல வழக்கங்கள் உண்டு என்று சொல்லிக்கொடுங்கள்.

முடிந்தவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து, சாந்தா மரிய தெல்லே கிராட்சியே மடத்து உணவறையில் லியொனார்தோ தீட்டிய இறுதி இராவுணவு ஓவியத்தைப் பாருங்கள். பதினைந்து நிமிடமே அனுமதிப்பார்கள். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து அந்த அறை இடிந்தபோதும், மணல் மூட்டைகள் அடுக்கிப் பாதுகாக்கப்பட்டிருந்ததால் அந்தச் சுவர் விழாமல் நின்றது. குண்டு விழுந்த வீடுகளை விட்டு வந்த நம் மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அழிவின் நடுவே நிலைத்து நின்றது ஒரு பந்தியின் படம்.

பிறகு நீங்களும் பந்தி அமருங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பமோ, தெருமுனையில் வாங்கிய பீட்சாவோ, எதுவானாலும் எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். அந்த ஒரு மணி நேரம் கைபேசிகள் பையிலேயே இருக்கட்டும்.

அதன்பின் கடைகளுக்குச் செல்லுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அம்மாவை வாசலில் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளே, பைகளை நீங்கள் சுமந்துகொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அவர் ஒன்றும் வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும். பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிடும் காவலருக்கு அவர் புன்னகையோடு வணக்கம் சொல்லட்டும். அந்தக் காவலரும் பெரும்பாலும் வேறொரு நாட்டிலிருந்து வந்த ஒரு தாயின் பிள்ளையாகவே இருப்பார்.

மாலையில் எல்லையை அடையும்போது உள்ளதை உள்ளபடி அறிவியுங்கள். செலுத்த வேண்டியதைச் செலுத்துங்கள். வாகனத்தில் பிள்ளைகள் விழித்திருந்தால் அதைப் பார்க்கட்டும்.

அன்புக்குரியவர்களே, இவ்வளவையும் ஒரு சட்டமாக உங்கள்மேல் சுமத்த நான் விரும்பவில்லை. உங்கள் சுமைகள் எனக்குத் தெரியும். ஆண்டில் ஒரு நாள் கிடைக்கும் மகிழ்ச்சியில் குறைகாண்பது என் நோக்கமும் அன்று. நான் வேண்டுவது ஒன்றே. நம் பிள்ளைகள் அந்த அழகிய நகரிலிருந்து திரும்பும்போது, விலையால் தம்மை அளக்கும் பழக்கத்தைச் சுமந்து வரக்கூடாது. கல் சுமந்த மூதாட்டியும், உச்சரிப்புக்காக ஏளனம் செய்யப்பட்ட புலம்பெயர்ந்தவரும், வாசலில் தடுக்கப்பட்ட தாயும் தமக்கு முன்னோடிகள் என்ற பெருமிதத்தைச் சுமந்து வர வேண்டும். அந்தப் பெருமிதத்துக்குக் கடனும் இல்லை. சுங்க வரியும் இல்லை.

பயணம் செல்லும் குடும்பங்கள் அனைத்தையும் அன்னை மரியாளின் பாதுகாப்பில் ஒப்படைக்கிறேன். வாகனம் செலுத்துவோர் போதிய அளவு உறங்கிய பின்னரே புறப்படுங்கள். நலமாகச் சென்று, நலமாகத் திரும்புங்கள். வரும் ஞாயிறு திருப்பலியின் பின் தேநீர் வேளையில், என்ன வாங்கினீர்கள் என்று கேட்கமாட்டேன். என்ன கண்டீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பேன்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக.

இறையன்புடன்,
உங்கள் பங்குப் பணியாளன்